திறக்கும் கைகளுக்கு ஒரு மடல்

செல்போன் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

சென்னை ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடையில் நீங்கள் இருக்கலாம். ஏதோ ஓர் ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கவரும் ஹெட்செட்டும் தோரணமாகத் தொங்கும் கடையின் பின்மேசையில் இருக்கலாம். மூன்று மாதப் பயிற்சி முடித்து வந்திருப்பீர்கள். அல்லது தெரிந்த அண்ணன் கடையில் எடுபிடியாக நின்று, மீதியை யூடியூபில் பார்த்துக் கற்றிருப்பீர்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இதே மேசையில் நெடுநாள் உட்கார்ந்தவன் என்கிற உரிமைதான் காரணம்.

பயிற்சி நிலையங்கள் ஐசி மாற்றச் சொல்லித் தருகின்றன. ரீபால் அடிப்பது, மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து ஷார்ட் தேடுவது, அறுந்த தடத்துக்கு ஜம்பர் இழுப்பது எல்லாம் பாடத்தில் உண்டு. வேண்டியவைதான். ஆனால் போனைத் திறப்பதற்கு அங்கே ஒதுக்குவது கொஞ்ச நேரம்தான். ‘சூடு காட்டு, ஓப்பனரை விடு, நெம்பு’ என்று மூன்று கட்டளையில் முடித்துவிட்டு ஹாட் ஏரைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

வேறு இடத்தில் திறந்து, சரியாகாமல் என் மேசைக்கு வந்த போன்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு முடிவு உறுதிப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கொண்டுவந்த பழுதைவிட, திறந்தபோது நாம் சேர்த்த பழுதே பல நேரம் பெரிது. கண்ணாடி மட்டும் உடைந்து வந்த போன், கைரேகை வேலை செய்யாமல் திரும்பிப் போகிறது. பேட்டரி மாற்ற வந்தது டெட் ஆகிறது. திறப்பிலேயே நம் வேலையில் பாதி அடங்கியிருக்கிறது. அந்தப் பாதியை யாரும் சரியாகக் கற்றுத் தராததால்தான் இந்த மடல்.

ஒரு காலத்தில் திறப்பதற்கு நம்மிடம் வரவேண்டிய தேவையே இல்லை. 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் பின்மூடி வந்துவிடும். பி.எல்.-5சி பேட்டரியை நகத்தால் தூக்கி எடுத்து, பெட்டிக்கடையில் வாங்கிய வேறொன்றைப் போட்டுக்கொண்டார்கள். 2007-இல் அந்த பி.எல்.-5சி பேட்டரிகளில் 4.6 கோடி, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்று நோக்கியாவே எச்சரித்தது. ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்சுஷிட்டா நிறுவனம் செய்து கொடுத்தவை அவை. எண்ணைச் சரிபார்த்துப் புதுப் பேட்டரியை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். போன் அவரவர் கையிலேயே இருந்தது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு சாம்சங் கேலக்ஸி நோட் 7 வந்தது. அதிலும் பழுது பேட்டரியில்தான். ஆனால் அந்தப் பேட்டரி ஒட்டிய கண்ணாடிக்குள் அடைபட்டுக் கிடந்தது. 2016 செப்டம்பரில் சுமார் 25 லட்சம் போன்களை முழுசாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவற்றிலும் தீப்பிடித்தபோது, அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். நல்ல திரை, நல்ல கேமரா, நல்ல போர்டு எல்லாமே அந்தப் பேட்டரியோடு சேர்ந்து போயின. ஒரு பொருளைத் திறக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையில் எவ்வளவு இழப்பு இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

மூடும் பழக்கம் படிப்படியாக வந்தது. 2007-இல் வெளியான முதல் ஐபோனிலேயே பயன்படுத்துபவர் தானே பேட்டரியைக் கழற்ற முடியாது. 2010 இறுதியில் ஐபோன் 4-இன் அடியில் ஐந்து இதழ் கொண்ட பென்டலோப் திருகு வந்தது. வீட்டில் இருக்கும் எந்தத் திருப்புளியும் அதில் பொருந்தாது. பிறகு தண்ணீர் புகாத போன் என்கிற விற்பனைப் போட்டி வந்தது, ஓரமெல்லாம் பசை வந்தது. பசையால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். மழையில் நனைந்தும், வாளித் தண்ணீரில் விழுந்தும் பிழைத்த போன்கள் எத்தனையோ. ஆனால் ஒருமுறை திறந்த போனில் அந்தக் காப்பு ஆலையில் இருந்ததுபோல இராது. இதை வாடிக்கையாளரிடம் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மூடிய பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

திருப்புளியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கேளுங்கள். எப்போது ஆரம்பித்தது, கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா, இதற்கு முன் யாராவது திறந்தார்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். முன்பு திறந்த போன் என்றால் உள்ளே எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்பதை நம்ப முடியாது. பிறகு திறக்காமலே தீருமா என்று பாருங்கள். ‘சார்ஜ் ஏறல’ என்று வரும் போன்களில், சார்ஜிங் ஜாக்குக்குள் சட்டைப்பைப் பஞ்சும் தூசியும் அடைந்திருப்பது மிகச் சாதாரணம். போனை அணைத்துவிட்டு, மரக் குச்சியின் மெல்லிய முனையால் பதமாக எடுத்தால் கேபிள் மறுபடி ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். அந்த வேலைக்குச் சிறு கூலி வாங்குங்கள், தவறில்லை. போர்டு மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்குவது திருட்டு.

திறக்கத்தான் வேண்டும் என்றால், வாடிக்கையாளர் கண் முன்னாலேயே மைக், ஸ்பீக்கர், இரண்டு கேமராக்கள், கைரேகை, வைபரேட்டர் எல்லாவற்றையும் சோதித்து ஒரு சீட்டில் எழுதுங்கள். எது ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். அது உங்களுக்கும் பாதுகாப்பு. சார்ஜ் கால்வாசிக்கும் குறைவாக இருக்கும்போது திறப்பது நல்லது. உள்ளே அடங்கியிருக்கும் ஆற்றல் குறைவாக இருந்தால், தவறி ஏதாவது நடந்தாலும் வீரியம் குறையும். போனை அணையுங்கள். சிம் தட்டை வெளியே எடுங்கள். இதை மறந்துவிட்டுப் போர்டைத் தூக்கும்போது தட்டோ, அதன் வாயிலோ உடைந்து போவதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சூடு. சோல்டரை உருக்க ஹாட் ஏரை 350 டிகிரியில் வைத்துப் பழகிய கை, பசையை இளக்கவும் அதே மெஷினைத் தேடுகிறது. வேண்டாம். பெரும்பாலான போன்களின் ஓரப் பசை 70 முதல் 80 டிகிரிக்குள் இளகிவிடும். அதற்கு மேல் போனால் பசை மட்டும் இளகாது. அமோலெட் திரையில் அழியாத கறை விழும், பிளாஸ்டிக் சட்டம் நெளியும். உள்ளே பேட்டரி இருக்கிறது, அதற்கு 60 டிகிரிதான் பொதுவான எல்லை. அதனால் சூட்டை ஓரத்துக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டுக் காட்டுங்கள். ஹீட் பிளேட்டில் போனைப் படுக்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

பழைய ரவிக்கையைப் பிரித்துத் தைக்கும் தையற்காரர், துணியை இழுக்காமல் நூலை மட்டும் அறுத்துக்கொண்டே போவார். பசையையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பிக்கை ஒரு மூலையில் சிறிதளவு மட்டும் நுழைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, அது ஊறும் வரை பொறுத்து, ஓரமாக நகர்த்துங்கள். இளகவில்லை என்றால் மீண்டும் சூடு காட்டுங்கள். கையின் பலத்தைக் கூட்டாதீர்கள். தின்னர், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். அவை பசையோடு சேர்த்துத் திரையின் அடுக்குகளையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும், பக்கத்தில் ஹாட் ஏர் இருக்கும் மேசையில் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

எந்தப் பக்கம் திறப்பது என்பதை மாடல் பெயர் பார்த்து முடிவுசெய்யுங்கள். வெகுகாலம் ஐபோன்கள் முன்பக்கமாகத்தான் திறந்தன. 2022-இல் வந்த ஐபோன் 14-இல் பின்கண்ணாடியும் தனியாகக் கழன்றுவரும்படி உள்ளமைப்பை மாற்றினார்கள். சாம்சங்கின் பல மாடல்களில் திரை சட்டத்தோடு ஒட்டியிருக்கும், உள்ளே போக வழி பின்கண்ணாடிதான். தெரியாமல் முன்னால் பிக்கை விட்டால் நல்ல டிஸ்ப்ளே பிளந்து போகும். பின்மூடியிலேயே கைரேகை உணரி உள்ள மாடல்கள் பலவற்றில், மூடிக்கும் போர்டுக்கும் இடையே மெல்லிய ஸ்ட்ரிப் ஓடும். மூடி விட்டுக்கொடுத்த மகிழ்ச்சியில் சட்டென்று தூக்கினால் அது அறுந்துவிடும்.

இதற்கு ஐபோன் 5எஸ்-ஐவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2013-இல் வந்த பழைய மாடல், இன்று உங்கள் கைக்கு அதிகம் வராது. ஆனாலும் உடைந்தது ஒன்று கிடைத்தால் திறந்து பழகுங்கள். முகப்புப் பொத்தானில் இருக்கும் கைரேகை உணரியிலிருந்து ஒரு குட்டைக் கேபிள், திரையிலிருந்து கீழே உள்ள உடல்பகுதிக்குப் போகிறது. திரையை அளவுக்கு மேல் தூக்கினால் அறுந்துவிடும். அறுந்தால் வேறு பொத்தான் வாங்கிப் போட்டாலும் கைரேகை வராது. அந்த உணரி அந்த ஒரு போர்டோடு மட்டும் பேசும்படி ஆலையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு விரற்கடை மட்டும் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, கேபிளை விடுவித்த பிறகே முழுவதும் திறக்க வேண்டும். இந்த ஒரு மாடலில் பழகிய கை வேறு எந்தப் போனையும் அவசரமாகத் தூக்காது.

அடுத்து திருகுகள். இதில்தான் நான் அதிகம் கண்டிப்பாக இருப்பேன். கழற்றிய திருகுகளை ஒரே மூடியில் போட்டு வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே 5எஸ்-இல் திரைக் கேபிள்களை மூடியிருக்கும் சிறு தகட்டைப் பிடிக்கும் திருகுகளில் 1.2 மில்லிமீட்டரும் உண்டு, 1.7 மில்லிமீட்டரும் உண்டு. வித்தியாசம் அரை மில்லிமீட்டர். குட்டைத் திருகு போக வேண்டிய துளையில் நெட்டைத் திருகைப் போட்டு இறுக்கினால், அதன் முனை போர்டுக்குள் இறங்கும். போர்டு ஒற்றைப் பலகை இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள், ஒவ்வொன்றிலும் முடியைவிட மெல்லிய செம்புத் தடங்கள். திருகு முனை அவற்றை அறுத்துவிட்டால் போன் மூடிய பிறகு சரியாக எழாது. வெளியே ஒரு கீறலும் தெரியாது. புது டிஸ்ப்ளேதான் பழுது என்று நினைத்து இன்னொன்றை வாங்கிப் போடுவீர்கள், அதிலும் எழாது. நல்ல போர்டு செத்துப்போன காரணம் கடைசிவரை தெரியாமலே போகும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் போனின் உருவத்தைக் கோடாக வரைந்து, திருகு இருந்த இடத்திலேயே இருபக்க ஒட்டு நாடாத் துண்டு வைத்து, அதன் மேல் திருகை நிறுத்துங்கள். காந்தப் பாய் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடும்போது ஒரு திருகு மிச்சமானால், ‘பரவாயில்லை’ என்று டப்பாவில் போடாதீர்கள். மீண்டும் திறந்து தேடுங்கள். கனெக்டரின் மேல் இருந்த சிறு தகட்டையும் தூக்கி எறியக் கூடாது. அது இல்லாவிட்டால், போன் ஒருமுறை கீழே விழுந்தாலே கனெக்டர் தானாகக் கழன்றுவிடும்.

திருகுகள் போன பிறகு முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி கனெக்டர். எந்த வேலைக்காகத் திறந்திருந்தாலும் இதுதான் முதல் வேலை, மூடும்போது இதுதான் கடைசி. போனை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த நிலையில் டிஸ்ப்ளே கனெக்டரைப் பிடுங்கி மாட்டினால், எல்சிடி திரை உள்ள போன்களில் பின்விளக்குக்குப் போகும் சர்க்யூட்டில் குட்டிக் காயிலோ ஃபியூஸோ பறந்துவிடும். ‘டிஸ்ப்ளே மாத்தினேன், படம் லேசா தெரியுது, லைட் இல்ல’ என்று புலம்பும் இளைஞர்களில் பலருக்கு நடந்தது இதுதான். கனெக்டரை நைலான் ஸ்பட்ஜரால் நேராக மேலே தூக்குங்கள். இரும்பு ட்வீசரால் நெம்பும்போது அது அருகில் இருக்கும் சிறு கெப்பாசிட்டரையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

இனி பேட்டரி. இதில் மட்டும் உங்கள் அனுபவத்தையும் தைரியத்தையும் நம்ப வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளித்தாள் பையில் அடைத்த அந்தப் பொருளுக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் பல சுற்றுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு. எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு, தீப்பற்றக்கூடிய திரவம். அந்தத் தடுப்பு ஓர் இடத்தில் கிழிந்தால் போதும், இரண்டு தகடும் தொட்டு ஷார்ட் ஆகும், சூடு ஏறும், அந்தச் சூடு அடுத்த பகுதியையும் சிதைக்கும், அந்தச் சிதைவே இன்னும் சூட்டை உண்டாக்கும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. நோட் 7-இல் நடந்ததை 2017 ஜனவரியில் சாம்சங் விளக்கியது: ஒரு நிறுவனம் தந்த பேட்டரிகளில் உறை நெருக்கமாக இருந்ததால் மேல் மூலையில் எதிர்முனைத் தகடு வளைந்திருந்தது, இன்னொரு நிறுவனத்தின் பேட்டரிகளில் வெல்டிங் செய்த இடத்தில் கூரான பிசிறுகள் இருந்தன. ஆலைக்குள், இயந்திரங்களின் துல்லியத்தில் நடந்த தவறுக்கே அந்த விளைவு. நீங்கள் பேப்பர் வெட்டும் பிளேடால் அடியில் கோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பேட்டரியை எடுக்க இரும்பு எதுவும் வேண்டாம். பல மாடல்களில் அடியில் இழுவைப் பட்டைகள் இருக்கும். அவற்றைத் தட்டையாக, மெதுவாக, போனின் தளத்தை ஒட்டினாற்போல இழுத்தால் நீண்டு வந்துவிடும். பட்டை அறுந்துவிட்டால் ஓரத்தில் ஆல்கஹால் விட்டு, சில நிமிடம் ஊறவிட்டு, பல் இடுக்கில் விடும் மெழுகு நூலை அடியில் நுழைத்து இருபக்கமும் மாறி மாறி இழுங்கள். அகலமான பிளாஸ்டிக் அட்டையும் போதும். எந்த நிலையிலும் பேட்டரியை வளைக்கக் கூடாது. எடுத்த பேட்டரியில் மடிப்பு விழுந்திருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள், அது ‘ஒரிஜினல்’ ஆகவே இருந்தாலும். இப்படிப் பசையோடு போராடுவது நாம் மட்டும் படும் பாடு என்று எண்ண வேண்டாம். போனைத் தயாரிப்பவர்களுக்கும் இப்போது உறைக்கத் தொடங்கியிருக்கிறது. 2024-இல் வந்த ஐபோன் 16-இல், 9 வோல்ட் மின்சாரத்தைச் சுமார் 90 நொடி கொடுத்தால் பேட்டரி தானாகப் பிடி விடும் பசையை வைத்திருக்கிறார்கள்.

ஊதிப்போன பேட்டரியுடன் வரும் போனை உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜில் போட்டுப் பார்க்காதீர்கள். காற்று போகட்டும் என்று ஊசியால் குத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உள்ளே இருப்பது காற்று அல்ல, எரியக்கூடிய வாயு. ஒவ்வொரு மேசைக்குக் கீழேயும் ஒரு தகர டப்பாவில் உலர்ந்த மணல் இருக்கட்டும், பக்கத்திலேயே நீளமான இடுக்கி. பேட்டரி சீறும் சத்தமோ, இனிப்பான இரசாயன வாடையோ வந்தால், இடுக்கியால் எடுத்து மணலில் போட்டு, டப்பாவை வெளியே கொண்டுபோங்கள். அது முடியாத நிலை என்றால் எல்லோரும் வெளியே வாருங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு. ஓர் ஆள் உட்காரும் கடைக்கு அது அதிகம். எந்தப் போனும் உங்கள் நுரையீரலைவிடப் பெரிதில்லை. கழித்த பேட்டரிகளின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து, அரசிடம் பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். குப்பை லாரியில் நசுங்கும்போது அவை தீப்பிடிக்கும். அங்கே வேலை செய்பவரும் நம்மைப் போன்ற தொழிலாளிதான்.

தண்ணீரில் விழுந்த போனைப் பற்றிச் சுருக்கமாக. அரிசியில் புதைப்பதால் பயனில்லை. அரிசித் தூளும் மாவும் ஜாக்குக்குள் போவதுதான் மிச்சம், ஆப்பிளே அப்படிச் செய்யாதீர்கள் என்கிறது. ஈரத்தில் மின்சாரம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தடங்கள் அரித்துக்கொண்டிருக்கும். எனவே சீக்கிரம் திறந்து, பேட்டரியைப் பிரித்து, போர்டை ஆல்கஹாலில் கழுவிக் காயவைப்பதே வழி. ‘ரெண்டு நாள் அரிசியில வச்சுட்டுக் கொண்டாங்க’ என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

திறப்பதில் இன்னொரு வகையும் உண்டு. போனைக் கொடுப்பவர் அதோடு தன் குழந்தைகளின் படங்களையும், வங்கிக் கணக்கையும், யாரிடமும் சொல்லாத பேச்சுகளையும் உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். பெண்கள் பலர் உடைந்த திரையோடே மாதக்கணக்கில் சமாளிப்பதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை, அந்த அச்சமும்தான். டிஸ்ப்ளே மாற்றவோ பேட்டரி மாற்றவோ லாக் எண் தேவையில்லை, கேட்காதீர்கள். சோதிக்க வேண்டுமானால் அவர் திரும்ப வரும்போது அவர் கையாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். சாம்சங் போன்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’ இருக்கிறது, கூகுள் பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் படங்களும் செய்திகளும் நமக்குத் தெரியாது, ஆனால் எல்லாப் பாகங்களையும் சோதிக்கலாம். அதை எப்படிப் போடுவது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுங்கள். கேலரியைத் திறந்து பார்த்தவர் இந்தத் தொழிலில் இருக்கத் தகுதியற்றவர். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

மூடும்போது பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த மாடலுக்கென்று வெட்டிய பசை நாடா கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் டி-7000 போன்ற, சூட்டில் மறுபடி இளகும் பசை போதும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். உங்களுக்குப் பிறகு இன்னொருவர் இந்தப் போனைத் திறப்பார். இரண்டு வருடம் கழித்து அது நீங்களாகவும் இருக்கலாம். அவர் திறக்க முடியாதபடி ஒட்டி வைத்த போன், பழுது பார்த்த போன் ஆகாது.

இவ்வளவு நேரம் உங்கள் கைகளைப் பற்றிப் பேசினேன். உங்களைக் கட்டிப்போட்டிருக்கும் கைகளைப் பற்றியும் பேச வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை நடந்தது. இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரத்தில், ஃபாக்ஸ்கான் ஆலையில் நம் ஊர்ப் பெண்கள் ஐபோன்களைக் கோக்கிறார்கள். எந்தத் துளைக்கு எந்தத் திருகு, எவ்வளவு இறுக்கம், எந்தக் கேபிள் எதற்கு முன் என்கிற வரிசை அந்தச் சுவருக்குள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தலைகீழாக வாசித்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய பாடம். பேருந்தில் போய்வரும் தொலைவில் ரிச்சி தெருவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது வருவதில்லை. நம் ஊரில் கோத்த போனை, நம் ஊரில் பிரிப்பவர் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்து ஊகித்துப் பிரிக்கிறார். நல்ல பாகமும் அப்படித்தான். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கிடைக்கும் டிஸ்ப்ளே நமக்குக் கிடைக்காது, காப்பியை வாங்கிப் போட்டுவிட்டு அதன் பழியையும் நாமே சுமக்கிறோம்.

இது மாறாத விதி இல்லை. முகப்புப் பொத்தானை வெளியே மாற்றிய ஐபோன்கள், மென்பொருளைப் புதுப்பித்ததும் ‘எரர் 53’ காட்டிச் செயலிழந்தன. அந்தப் போன்களை வைத்திருந்தவர்களிடம் ‘உங்களுக்குத் தீர்வு கிடையாது’ என்று தவறாகச் சொன்னதற்காக, 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பிரான்சில் 2021-இல், போன் விற்கும்போதே பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்கிற மதிப்பெண்ணைக் காட்டுவதைக் கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கியப் பாகங்களைக் கிடைக்கச் செய்வது கட்டாயம்; பழுதுபார்ப்பவர்களுக்கு வேண்டிய தகவலையும் தர வேண்டும். அங்கே விற்கும் அதே நிறுவனங்கள்தான் இங்கேயும் விற்கின்றன.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது; அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. 2024-இல் அமைத்த இன்னொரு குழு, போன்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் தருவது பற்றி 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. நல்ல தொடக்கம். ஆனால் மதிப்பெண், போன் வாங்குபவருக்குத்தான் உதவும். கடைமேசையில் இருப்பவருக்கு வேண்டியவை மூன்று. நிறுவனத்தின் சர்வீஸ் கையேடு எல்லாக் கடைக்கும் கிடைக்க வேண்டும், தமிழிலும் கிடைக்க வேண்டும். அசல் பாகம், அங்கீகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விலைக்குக் கிடைக்க வேண்டும். ஒரு நல்ல பாகத்தை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு மாற்றினால், மென்பொருள் அதை முடக்கக் கூடாது.

இவற்றை நமக்காக வேறு யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் தெருவில் பத்துக் கடைகள் இருந்தால் பத்துப் பேரும் கையெழுத்திட்டு, இந்த மூன்றையும் எழுதி, டெல்லியில் உள்ள நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளருக்கும், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். எந்த மாடலில், எந்தப் பாகம் கிடைக்காமல், எந்தப் போனைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று என்று உங்கள் சீட்டுகளிலிருந்தே எடுத்து எழுதுங்கள். முதல் கடிதத்தை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகதொழிலாளி